மலைமேல் ஒரு சிற்றூர்

உலகிற் பெயர் பெற்ற ஊர்கள் பெரும்பாலும் அரசிருக்கையாலோ வாணிகத்தாலோ திருக்கோயிலாலோ பெயர் பெற்றனவாகும். ஓடும் கால்களாற் பெயர் பெற்ற ஊரும் ஒன்று உண்டு. ஆப்பிரிக்காக் கண்டத்தின் கிழக்கே, எத்தியோப்பியா நாட்டின் ஒரோமியா மாநிலத்தில், அர்ஸி என்னும் மலைநாட்டில் உள்ள பெக்கோஜி என்பதே அவ்வூர். ஊரார் தம் மொழியில் பொக்கொஜ்ஜி என ஒலிப்பர். 2007ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி அங்கு வாழ்ந்தோர் தொகை 17,000ஐ எட்டவில்லை. நாட்டுப் படத்தில் அவ்வூரைக் குறிக்கும் புள்ளியைத் தேடிக் காண்பதே அரிது. அத்தகைய சிற்றூர் 1992 முதல் 2012 வரை நிகழ்ந்த ஆறு ஒலிம்பிக் விழாக்களில் ஒன்றிலேனும் பொற்பதக்கம் பெறாமல் இருந்ததில்லை. அஃது எங்ஙனம் இயன்றது என்று வினவுவோர், முதலில் அவ்வூரையும் அங்குள்ள மக்களையும் அறிதல் வேண்டும்.

எத்தியோப்பியாவின் தலைநகராகிய அடிஸ் அபாபாவை ஒரோமிய மக்கள் ஃபின்ஃபின்னே என்னும் பழம்பெயரால் வழங்குவர். அந்நகரிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் பெருவழி பிளவுப் பள்ளத்தாக்கில் இறங்கிப் பின்னர் அர்ஸி மலைகளில் ஏறுகின்றது. ஏறியதும் அசெலா என்னும் நகரம் எதிர்ப்படும். அதனைக் கடந்து மேலும் 55 கிலோமீட்டர் அளவு தெற்கே சென்றால் பெக்கோஜியை அடையலாம். கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,800 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது அவ்வூர். நீலகிரியின் தொட்டபெட்டாக் கொடுமுடியில் ஏறி நின்ற மாணவர், அதனினும் உயர்ந்ததோர் இடத்தில் வீடும் வயலும் கடைத்தெருவும் பள்ளியும் இருப்பதாக எண்ணிப் பார்க்க. ஊருக்கு வடக்கே சிலாலோ மலையும், அருகே காக்கா மலையும் 4,000 மீட்டருக்கு மேல் ஓங்கி நிற்கின்றன. இவை பண்டு தீக்குழம்பைக் கக்கி இப்பொழுது அவிந்து கிடக்கும் எரிமலைகள். அன்று உமிழ்ந்த குழம்பே ஊழிகள் பல கழிந்தபின் பொடிந்து வளமான மண்ணாயிற்று. மலையுச்சியை அடுத்த குளிர்ப் புல்வெளிகளில் ஆளுயரத்தினும் மிக்க லொபீலியாச் செடிகள் தூண்கள்போல் நிற்கும். உலகில் வேறெந்நாட்டிலும் காணப்படாத மலை நியாலா என்னும் பெருமானும், செந்நிறமுடைய எத்தியோப்பிய ஓநாயும் அங்கு உலவுகின்றன.

நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏழரைப் பாகை அளவிலேயே இவ்வூர் இருப்பினும் வெம்மை என்பது இங்கு அரிது. பகலில் வெயில் சுள்ளென்று உறைக்கும். கதிரவன் மறைந்த நாழிகையிலேயே குளிர் எலும்பைத் துளைக்கும். கார்காலத்தை ஒரோமியர் கன்னா என்பர். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை விடாது பெய்யும் காலம் அது. தெருவெல்லாம் சேறாகும், குழந்தைகள் சேற்றில் நடந்தே பள்ளி சேர்வர். மழை ஓய்ந்ததும் வருவது பிர்ரா. அப்பொழுது கேல்லோ என்னும் மஞ்சள் மலர்கள் வரப்பெங்கும் பூத்து நிறையும். அதனைத் தொடரும் வறண்ட பருவம் போனா எனப்படும். அக்காலத்து விடியலிற் புல்நுனியில் உறைபனி வெண்மையாகப் படிந்திருத்தலும் உண்டு. பின்னர்ச் சிறுமழை பெய்யும் அர்ஃபாஸா. இந்நான்கு பருவங்களையும் ஒட்டியே உழவும் விழவும் அமைந்துள்ளன.

இங்கு விளையும் முதற்பொருள் வாற்கோதுமை. கோதுமை, பட்டாணி, பெரிய அவரை, ஆளிவிதை, உருளைக்கிழங்கு ஆகியனவும் பயிராகின்றன. எத்தியோப்பியாவின் ஏனைய இடங்களிற் சிறப்பாக விளையும் தேஃப் என்னும் நுண்ணிய தவசம் இவ்வளவு உயரத்தில் நன்கு விளையாது. ஓரிணை எருதைப் பூட்டி மரக்கலப்பையால் உழுதலே பழைய வழக்கம். கதிரை அறுத்துக் களத்திற் பரப்பி, மாடுகளைச் சுற்றி நடத்தி மிதிப்பித்து மணி பிரிப்பர். பிணையல் கட்டிப் போரடிக்கும் காட்சியைக் கண்ட நம் நாட்டு முதியோர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. ஆயினும் அர்ஸியின் சமவெளிகளில் இன்று அறுவடைப் பொறிகளும் மிகுதியாக இயங்குகின்றன. ஒரே நாளில், ஒரு சரிவில் எருதும் மறு சரிவில் பொறியும் தொழில் செய்தல் அந்நாட்டிற் காணத்தக்கதொரு காட்சியாம்.

வாற்கோதுமையைக் கொண்டு அம்மக்கள் ஆக்கும் உணவுவகை பல. வறுத்து இடித்த மாவை, நறுமணப் பொருள் இட்டு உருக்கிய வெண்ணெயிற் பிசைந்து உருட்டுவது சூக்கோ எனப்படும். அது பன்னாள் கெடாது. வழிச்செல்வோர்க்கும், மலையில் ஆனிரை மேய்க்கப் போவோர்க்கும் அதுவே கட்டுச்சோறு. மர்க்கா என்பது கட்டியான களி. நடுவே குழித்து அக்குழியில் வெண்ணெயை நிரப்பிப் பலர் சூழ்ந்திருந்து உண்பர். மகப்பெற்ற தாய்க்கு முதலில் ஊட்டுவதும், அவளைக் காண வந்தோர்க்கு அளிப்பதும் இக்களியே. பாலும் தயிரும் இன்றி எவ்வுணவும் நிறைவெய்தாது. பாற்கலத்தைக் கழுவியபின் காட்டு ஒலிவ மரத்தின் தணலை உள்ளிட்டுப் புகையூட்டுவர். அதனால் பால் விரைவிற் கெடுவதில்லை; புகைமணமும் அதில் இனிமையாக ஏறும். விருந்தினர் வந்தால் காப்பிக் கொட்டையை அவர் கண்முன்னே வறுத்து, இடித்து, மட்குடத்திற் கொதிக்க வைத்து, சிறு கிண்ணங்களில் மும்முறை வார்த்துத் தருவர். ஒருமுறை பருகி எழுந்து போதல் மதிப்பன்று. காப்பிச் செடி எத்தியோப்பியாவின் தென்மேற்குக் காடுகளிலிருந்தே உலகெங்கும் பரவியதாதலின், இவ்விருந்தோம்பலை அவர்கள் எவரிடமிருந்தும் கற்றுக்கொண்டதில்லை.

இனி ஊருள் நுழைவோம். நீண்ட பெருந்தெரு ஒன்று. அதன் இருமருங்கும் கடைகள். கடைகளின் பின்னே கிளைத்து ஓடும் மண்பாதைகள். நாட்டுப்புறத்தில் வட்டமான சுவரும் கூம்பிய புல்வேய்ந்த கூரையும் உடைய பழைய இல்லங்களைக் காணலாம். ஊருக்குள்ளோ தகரக் கூரையே மிகுதி. தைலமரக் கழிகளை நெருக்கமாக நட்டு, வைக்கோல் கலந்த சேற்றைப் பூசிச் சுவரெழுப்புவர். இத்தைலமரம் அம்மண்ணிற்கு உரியதன்று. மெனெலிக் மன்னர் காலத்தில், 1890களில், ஆஸ்திரேலியாவிலிருந்து எத்தியோப்பியாவிற்குக் கொணரப்பட்டது. இன்று வீட்டுச் சுவரும் அதுவே. அடுப்பு விறகும் அதுவே. ஊர்ப்புறத்தே அடர்ந்த சோலையும் அதுவே. நிலத்தின் நீரை உறிஞ்சுகின்றது என்று அதனைப் பழிப்போரும் உளர். பழிக்கும் அவர்தம் வீட்டு உத்தரமும் அம்மரமாகவே இருக்கும்!

சந்தை நாளில் சுற்றுப்புற மலைகளிலிருந்து மக்கள் திரளுவர். கழுதைகள் தவச மூட்டைகளைச் சுமந்து வரும். அர்ஸி ஒரோமியர் குதிரையேற்றத்திற் பேர்போனவராதலின் குதிரைமேல் வருவோரும் பலர். குளிருக்கு அடர்ந்த கம்பளியைப் போர்த்தி, சேணத்தின் மேல் நிமிர்ந்து அமர்ந்துவரும் முதியவரைக் காணின், போர்க்களத்திற்குப் புறப்பட்டவரோ என்று தோன்றும். அவர் உப்பும் சர்க்கரையும் வாங்க வந்தவராக இருப்பார். ஊருள் ஆளேற்றிச் செல்லும் குதிரை வண்டியைக் காரி என்பர். எதிர்ப்பட்ட இருவர் நலம் வினவுதல் எளிதில் முடிவதில்லை. உடல்நலம், பிள்ளைகள் நலம், ஆனிரை நலம், மழை நலம் யாவும் வினவியபின்னரே பிற பேச்சு. அவ்வினாக்களில் நகா என்னும் சொல் மீண்டும் மீண்டும் வரும். அமைதி என்பது அதன் பொருள். ஊரில் முசுலிம்களும் பழைய கிறித்தவ மரபினரும் கலந்து வாழ்கின்றனர். விடியலில் தொழுகை அழைப்பையும் தேவாலய ஓதலையும் ஒருங்கே கேட்கலாம். அவ்விரு சமயங்களுக்கும் முற்பட்ட ஒரோமியர் சமயத்திற் கடவுளுக்கு வாகா என்று பெயர். வானத்திற்கும் அதுவே பெயர்.

காலக் கணக்கிலும் எத்தியோப்பியர் தமக்கென ஒரு வழி உடையவர். நாம் காலை ஏழு மணி என்பதை அவர் ஒரு மணி என்பர். பகல் கதிரவன் எழுந்த பின்னரே தொடங்குகின்றது என்பது அவர் கொள்கை. கதிரெழுந்த பொழுதிலிருந்து நாழிகை எண்ணிய நம் முன்னோர்க்கு இது வியப்பாகத் தோன்றியிராது. ஆண்டிற்குப் பன்னிரண்டு திங்கள் முப்பது நாட்களாகவும், எஞ்சிய ஐந்து அல்லது ஆறு நாட்கள் பதின்மூன்றாம் திங்களாகவும் கணக்கிடுவர். ஆண்டுப் பிறப்பு செப்டம்பரில், மழை ஓய்ந்து மலர் பூக்கும் பொழுதில் வரும்.

ஒரோமிய மக்களின் பழைய அரசியல் முறை கதா எனப்படும். ஆடவர் வயது வரிசைப்படி படிப்படியாக உயர்ந்து, எட்டாண்டுகள் ஆட்சிப் பொறுப்பை ஏற்று, பின்னர் அடுத்த குழுவினரிடம் ஒப்படைத்து விலகுவர். எட்டாண்டு முடிந்தபின் ஒருநாளும் ஒருவர் நீடித்தல் கூடாது. அறங்கூறும் அவை, ஓடா என்னும் அத்தி இனத்துப் பெருமரத்தின் நிழலில் கூடும். அம்மரமே இன்று ஒரோமியா மாநிலக் கொடியிலும் பொறிக்கப்பெற்றுள்ளது. 2016ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனம் இம்முறையை மானிட மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பதிவு செய்தது. கதா ஆடவர்க்கே உரியதாயின் மகளிர் நிலை யாது என மாணவியர் கேட்பர். கேட்க வேண்டிய வினாவே. மணமகளுக்கு அவள் தாய் மெல்லிய கோல் ஒன்றை அளிப்பாள். சீன்கே என்பது அதன் பெயர். கணவன் அவளை அடித்தாலோ இழிவுபடுத்தினாலோ, அக்கோலை ஏந்தி அவள் வெளிவந்து கூவுவாள். கேட்ட பெண்டிர் அனைவரும், பாலைக் கறவாமலும் அடுப்பை மூட்டாமலும், தத்தம் கோலுடன் அவ்வில்லத்தின் முன் திரளுவர். தவறிழைத்தவன் பிழையை ஒப்புக்கொண்டு தண்டம் இறுக்கும் வரை கலைவதில்லை. இரு கூட்டத்தார் போரிட முனைந்து நிற்குங்கால், கோலேந்திய மகளிர் இடையே புகுந்து நின்றால், அக்கோலைத் தாண்டி ஒருவனும் வேலெறியலாகாது. அர்ஸி நாட்டில் இவ்வழக்கம் சிறப்பாகப் போற்றப்படுகின்றது.

இத்தகைய மக்கள் தம் நிலத்தைத் தாமே ஆளாது போன காலமும் ஒன்று இருந்தது. 1880களில் மெனெலிக்கின் படைகள் அர்ஸியின் மீது பன்முறை படையெடுத்தன. அர்ஸியார் குதிரையும் வேலும் கொண்டு எதிர்த்தனர். படையெடுத்தவரிடம் ஐரோப்பியத் துப்பாக்கிகள் இருந்தன. 1886இல் எதிர்ப்பு முறிந்தது. வென்ற படைத்தலைவர்க்கும் வீரர்க்கும் நிலம் பகுத்தளிக்கப்பட்டது. உழுதவர் தம் வயலிலேயே குத்தகைக் குடிகளாயினர். விளைவிற் பெரும்பங்கை நிலக்கிழார்க்கு அளந்து, எஞ்சியதில் உயிர் வாழ்தல் அவர்தம் விதியாயிற்று. 1967இல் சுவீடன் நாட்டின் உதவியுடன் அசெலாவில் ஒரு வேளாண் வளர்ச்சித் திட்டம் தொடங்கிற்று. நல்ல விதையும் உரமும் வந்தன. கோதுமை விளைவு பெருகியது. விளைவு பெருகியதால் நிலத்தின் மதிப்பும் பெருகியது. நிலக்கிழார் பலர் உழுபொறிகளை வாங்கிக் குத்தகைக் குடிகளை வெளியேற்றினர். நன்மை கருதிச் செய்த செயல் எளியவனைத் தெருவில் நிறுத்திய கதை இது. 1974இல் பேரரசர் ஹைலி செலாசி ஆட்சி வீழ்ந்தது. 1975இல் வந்த நிலச்சட்டம் குத்தகை முறையை அறவே ஒழித்து, நிலம் அனைத்தையும் அரசுடைமையாக்கி, உழுவோர்க்குப் பயிரிடும் உரிமையை நல்கிற்று. உரிமை வந்தது, நிலம் வளரவில்லை. ஒரு தந்தையின் சிறு வயலைப் பிள்ளைகள் பலர் எதிர்நோக்கும் நிலை இன்றும் உண்டு. இச்செய்தியை நினைவில் வைத்துக்கொள்க. பின்னர் இதனிடம் மீண்டும் வருவோம்.

நிலத்தைப் போலவே மொழியும் அடங்கிக் கிடந்தது. ஒரோமிய மொழியைப் பேசுவோர் இன்று மூன்று கோடிக்கும் மேற்பட்டவர். எனினும் பேரரசர் காலத்தில் அம்மொழிக்குப் பள்ளியில் இடமில்லை, வழக்குமன்றத்திலும் இடமில்லை. தன் வழக்கைத் தன் மொழியிற் கூற வந்த உழவன், மொழிபெயர்ப்பவனை உடன்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. இம்மொழியை எழுத்தில் நிலைநிறுத்த முதலில் உழைத்தோருள் சிறந்தவர் ஒனெசிமோஸ் நெசிப் என்பவர். இளமையிற் களவாடப்பட்டு அடிமையாக விற்கப்பட்ட அவர், விடுதலை பெற்றுச் சுவீடனிற் கல்வி கற்று, விவிலியம் முழுவதையும் ஒரோமிய மொழியில் ஆக்கி 1899இல் வெளியிட்டார். அவருக்குத் துணைநின்ற அஸ்டெர் கன்னோ என்னும் அம்மையாரும் அடிமைத்தளையினின்று மீண்டவரே. தாய்மொழியைக் கேட்கவே வாய்ப்பிழந்து அயல்நாட்டில் வளர்ந்த இருவர் அம்மொழிக்கு நூல் செய்தனர் என்பதை நினைக்குந்தோறும் நெஞ்சம் நெகிழ்கின்றது.

அவர்கள் எழுதியது கீஸ் என்னும் எத்தியோப்பியப் பழைய எழுத்தில். அவ்வெழுத்து ஒரோமிய ஒலிகளுக்கு முற்றும் பொருந்தவில்லை. ஏனெனில், ஒரோமிய மொழியில் அ, எ, இ, ஒ, உ என ஐந்து குறிலும், அவற்றிற்கு இனமாக ஐந்து நெடிலும் உண்டு. குறில் நெடிலானாற் பொருளும் மாறும். லஃபா என்றால் நிலம்; லாஃபா என்றால் மென்மையானது. மெய் இரட்டித்தாலும் பொருள் மாறும். தகரத்தை மென்மையாக ஒலித்துப் பதா என்றால் தீயது. அம்மெய்யை இரட்டித்துப் பத்தா என்றால் மலைநாடு. தமிழ் கற்கும் மாணவர்க்கு இவ்வேற்றுமையின் அருமை தானே விளங்கும். கீஸ் எழுத்திலோ நெடிலையும் இரட்டிப்பையும் காட்டும் வழி இல்லை. ஆகவே 1991இல் ஆட்சி மாறியபின், அறிஞர் கூடி, இலத்தீன் எழுத்தை அடியாகக் கொண்ட குபே என்னும் எழுத்துமுறையை ஏற்றனர். நெடிலுக்கு உயிரை இருமுறை எழுதுவர். இரட்டிப்பிற்கு மெய்யை இருமுறை எழுதுவர். அதன் பின்னரே பெக்கோஜிச் சிறார் தம் தாய் பேசிய மொழியிற் பாடம் படிக்கலாயினர்.

இவ்வூரில் 1972ஆம் ஆண்டில் பிறந்தவர் தெரார்த்து துலு. பூத்தல் என்னும் பொருளுடைய சொல்லடியாகப் பிறந்தது அப்பெயர். பத்துப் பிள்ளைகள் உள்ள உழவர் குடும்பம். ஆனிரை மேய்த்து வளர்ந்தார். 1992 ஆகஸ்டு 7ஆம் நாள் பார்சிலோனாவில் மகளிர்க்குரிய 10,000 மீட்டர் ஓட்டப் போட்டி நிகழ்ந்தது. இருபத்தைந்து சுற்றுக்கள் ஓடவேண்டும். பாதி வழி கடந்தபின் தென்னாப்பிரிக்க வெள்ளையின வீராங்கனை எலானா மையர் முந்திச் சென்றார். அவருடைய நாடு, நிறவெறிக் கொள்கையால் விலக்கப்பட்டிருந்து, 1960க்குப் பின் முதன்முறையாக அவ்வாண்டே ஒலிம்பிக் விழாவிற்குத் திரும்பியிருந்தது. மையரின் நிழல்போலத் தெரார்த்து மட்டும் பின்தொடர்ந்தார். ஏனையோர் நெடுந்தொலைவு பின்தங்கினர். சுற்றுக்கள் கழிந்தன. முன்னே செல்லுமாறு மையர் இடம் விட்டும் அவர் செல்லவில்லை. இறுதிச் சுற்று நெருங்கியதும், கட்டவிழ்த்த கன்றுபோற் பாய்ந்து முன்சென்று எல்லைக் கோட்டைக் கடந்தார். கடந்தவர் உடனே தம் வெற்றியைக் கொண்டாடச் செல்லவில்லை. மையர் வந்து சேரும்வரை நின்றார். பின் இருவரும் கைகோத்து அரங்கினைச் சுற்றி ஓடினர். ஆப்பிரிக்கக் கறுப்பினப் பெண் ஒருவர் ஒலிம்பிக்கிற் பொற்பதக்கம் பெற்றது அதுவே முதன்முறை. அப்பொழுது அவருக்கு வயது இருபது.

அவ்வெற்றி பெக்கோஜியில் விளைத்த மாறுதல் பெரிது. பெண் ஓடுவதாவது, ஓடிப் பெயர் பெறுவதாவது என்றிருந்த மலைநாட்டில், ஆனிரை மேய்த்த நம் ஊர்ப் பெண் உலகை வென்றாள் என்னும் செய்தி வீடுதோறும் புகுந்தது. 1996இல் இவ்வூர்ப் பகுதியிற் பிறந்த ஃபாத்துமா ரோபா அட்லாண்டாவில் மராத்தான் ஓட்டத்தில் வென்று, அவ்வோட்டத்திற் பொன் பெற்ற முதல் ஆப்பிரிக்கப் பெண்மணியானார். 2000இல் சிட்னியில் தெரார்த்து மீண்டும் வென்றார். 2004இல் ஏதென்சில் 10,000 மீட்டர் ஓட்டத்தில் வென்றவர் கெனெனிசா பெக்கெலே. அவரும் பெக்கோஜியை அடுத்துப் பிறந்தவரே. 2005இல் பிரசெல்சு நகரில் அவர் அத்தொலைவை 26 நிமிடம் 17.53 வினாடியில் ஓடினார். பதினைந்து ஆண்டுகள் அதனை எவரும் முறியடிக்கவில்லை. 2008ஆம் ஆண்டுப் பெய்ஜிங் விழாவில் ஆடவர்க்கும் மகளிர்க்கும் உரிய 5,000, 10,000 மீட்டர் ஓட்டங்கள் நான்கிலும் பொன் இவ்வூர்க்கே வந்தது. இரண்டைப் பெற்றவர் கெனெனிசா. இரண்டைப் பெற்றவர் திருனேஷ் திபாபா. திருனேஷ் 2012இல் இலண்டனில் மீண்டும் 10,000 மீட்டரில் வென்றார். அவருடைய தமக்கை எஜகாயெஹுவும் தங்கை கென்சேபேயும் ஒலிம்பிக் வெள்ளிப் பதக்கம் பெற்றவர்கள். கணக்கிட்டால், மேற்கூறிய நால்வர் மட்டும் பெற்ற பொற்பதக்கங்கள் ஒன்பது.

இதற்குக் காரணம் யாது? மலைக்காற்றே என்பர் பலர். அதில் உண்மை இல்லாமலில்லை. 2,800 மீட்டர் உயரத்திற் காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஏறத்தாழ எழுபது விழுக்காடே. ஒவ்வொரு மூச்சிலும் உயிர்வளி குறைவாகவே உட்புகும். அக்குறையை ஈடுசெய்யக் குருதியிற் சிவப்பணுக்கள் பெருகும். அங்கே பிறந்து, அங்கே ஆனிரையின் பின் ஓடி, அங்கேயே பள்ளிக்கு நடந்த ஒருவர் தாழ்நிலத்தில் ஓடும்பொழுது மூச்சிற்குப் பஞ்சம் இராது. ஆனால் காற்று மட்டும் காரணமாயின், அவ்வளவு உயரத்தில் உள்ள ஊர்கள் அனைத்தும் வீரரை ஈன்றிருக்க வேண்டும். எத்தியோப்பியாவிலேயே அத்தகைய ஊர்கள் பல உள. அவை ஈன்றிலவே!

ஊரின் தொடக்கப் பள்ளியில் உடற்பயிற்சி கற்பிக்க வந்த செந்தாயெஹு எஷேத்து என்னும் ஆசிரியரை இங்குக் குறிப்பிடுதல் முறை. தெரார்த்து, கெனெனிசா, திருனேஷ் ஆகியோர் இளமையில் ஓடப் பழகியது அவரிடமே. விடியலில், பனி விலகுமுன், ஊர்ப்புறத்துத் தைலமரச் சோலைக்கு மாணவரை அழைத்துச் செல்வார். மரங்களுக்கிடையே வளைந்து வளைந்து ஓடச் செய்வார். மேட்டில் ஏறி ஓடச் செய்வார். மண் ஓடுதளத்தில் ஒருவர்பின் ஒருவராக ஒரே அடிவைப்பில் ஓடச் செய்வார். நல்ல காலணி இல்லாதோர் பலர். நெகிழிச் செருப்புடன் ஓடுவோரும் உளர். பெற்றோர் மறுத்தால் அவர்தம் இல்லம் சென்று பேசுவதும் ஆசிரியரின் பணியே. 2012இல் இவ்வூரைப் பற்றியதோர் ஆவணப்படம் வெளிவந்தபின் அவர் பெயர் பிற நாடுகளிலும் தெரியலாயிற்று. அதற்கு முன் பல்லாண்டு, ஊதியம் சிறிதே பெறும் பள்ளி ஆசிரியராகவே உழைத்தார். பதக்கப் பட்டியலில் ஆசிரியர் பெயருக்கு இடமில்லை.

மற்றொரு காரணத்தை முன்னரே கூறியுள்ளோம். பிரிந்து பிரிந்து சுருங்கிய வயல் எல்லாப் பிள்ளைகளுக்கும் சோறிடாது. ஒரு பெண், வயது வந்ததும் மணமுடித்துக் கொடுக்கப்படுவாள். ஓர் இளைஞன், கூலிக்கு உழுவான். ஓட்டத்தில் வென்றாலோ, மாநிலத்துக் கழகம் ஒன்று அவரைத் தேர்ந்து உணவும் உறையுளும் திங்கட் பணமும் அளிக்கும், அதில் மேலும் வென்றால் தலைநகர், அதற்கப்பால் வெளிநாடு. வென்றவர் கட்டிய விடுதிகளையும் மாடி வீடுகளையும் அண்மை நகரங்களிற் சிறார் கண்ணாரக் காண்கின்றனர். அசெலாவை அடுத்துப் பிறந்த ஹைலி கெப்ரசெலாசி, ஏட்டுச் சுவடிகளை இடக்கையில் அணைத்துப் பத்துக் கிலோமீட்டர் ஓடிப் பள்ளி சென்ற கதையையும், பிற்காலத்து ஓட்டத்திலும் அவர் இடக்கை மடங்கியே இருந்ததையும் அறியாத குழந்தை அங்கில்லை. ஆகவே விடியலில் ஓடும் அவர்களுக்கு அது விளையாட்டு மட்டுமன்று.

ஓடுவோர் நூற்றுக்கணக்கினர், பொன் பெற்றோர் விரல்விட்டு எண்ணத்தக்கவர். இதனை மறைத்துப் புகழ் பாடுவது முறையன்று. கழகத்திற் சேரும் பொருட்டு எட்டாம் வகுப்பிலோ ஒன்பதாம் வகுப்பிலோ படிப்பை விட்டுச் சென்றவர் உளர். சென்ற இடத்தில் நல்ல பயிற்சி வாய்த்தவர் சிலர். வாய்க்காதவர் சிலர், காலிற் புண்பட்டு மருந்துக்கு வழியின்றித் தவித்தவரும் உளர். அத்தகையோர் இரண்டோர் ஆண்டு கழித்து, போன சாலை வழியே பேருந்தில் திரும்புவர். பெண்ணாயின் வீட்டார் உடனே மணப்பேச்சைத் தொடங்குவர். ஓடவும் வேண்டும், படிப்பையும் விடலாகாது என்று பெற்றோரிடமும் மாணவரிடமும் வற்புறுத்தும் ஆசிரியர்களும் உளர். ஆனால் வறுமை உள்ள வீட்டில் இரண்டிற்கும் நேரம் காண்பது எளிதன்று. காலையில் ஓட்டம், பின் பள்ளி, பின் கழுதையுடன் நீர்த்துறை, பின் அடுப்பு. ஒரு சிறுமியின் பகல் இவற்றிலேயே கழிந்துவிடும்.

திரும்பி வந்தோர் அனைவரும் மனமொடிந்து போவதில்லை. விட்ட வகுப்பில் தம்மினும் இளையோருடன் அமர்ந்து மீண்டும் படித்துத் தேறியோர் உண்டு. தெருவிற் சிறுகடை வைத்தோர் உண்டு. அறுவடைக் காலத்திற் கதிரரிவாளுடன் தந்தையின் வயலில் இறங்கியோர் உண்டு. அவர்களுள் ஒருசிலர், பொழுது புலருமுன் எழுந்து, ஊர்க் கணக்கிற் பன்னிரண்டு மணி அடிக்கும் வேளையில், பழைய காலணியை மாட்டிக்கொண்டு ஓடுதளத்திற்கு வருவர். புதிதாக வந்த சிறுவர் சிறுமியர் முன்னே வரிசையாக ஓட, இவர்கள் பின்னே ஓடுவர்.